கிராமம் வளர்ந்து ஊரானதா? ஓர் ஐரிஷ் சிற்றூரின் கதை

அயர்லாந்தின் சிற்றூர்ப் படங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். வண்ணம் பூசிய கடைகள், நடுவில் ஒரு சதுக்கம், பின்னால் தேவாலயக் கோபுரம். கூடவே ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான கெல்டிக் ஊர்’ என்றோ, ‘சின்னக் கிராமமாக இருந்து மெல்ல வளர்ந்த ஊர்’ என்றோ ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் நம்பக் கூடாது. இந்தச் சிற்றூர்களில் பல, தானாக வளர்ந்தவை அல்ல. ஒரு நிலப்பிரபு திட்டம் போட்டு, மனை பிரித்து, குத்தகைப் பத்திரம் எழுதி உண்டாக்கியவை. அந்த இடம் பழையதாக இருக்கலாம், ஊர் அப்படியல்ல.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் புரியாது. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஆஃபலி மாவட்டத்தில் பர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் ஓர் ஐரிஷ் சிற்றூர் உருவாகும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊர்கள் குறைவு.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

ஐரிஷ் முகவரிகளிலும் பழைய பதிவேடுகளிலும் ‘டவுன்லேண்ட்’ என்ற சொல் அடிக்கடி வரும். பார்த்தவுடன் ‘டவுனைச் சேர்ந்த நிலம்’ என்று நினைத்துக்கொள்வோம். அதற்கும் டவுனுக்கும் சம்பந்தமே இல்லை. டவுன்லேண்ட் என்பது பெயர் வைத்த ஒரு நிலத்துண்டு, அவ்வளவுதான். சிலவற்றில் நாலைந்து பண்ணை வீடுகள் இருக்கும், சிலவற்றில் வீடே இருக்காது. நாடு முழுக்க இப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லைகளில் பல, ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை.

இது ஏன் முக்கியம் என்றால், ஐரிஷ் நாட்டுப்புற மக்கள் காலங்காலமாக இந்த டவுன்லேண்டுகளில் சிதறித்தான் வாழ்ந்தார்கள். தெருவும் கடைகளுமாக ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்கும் ‘ஊர்’ அவர்களுடைய பழைய ஏற்பாடு அல்ல. கடற்கரையில் டப்ளின், வாட்டர்ஃபோர்ட், லிமெரிக் போன்ற துறைமுகங்களை வைக்கிங்குகள் உண்டாக்கினார்கள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, இங்கிலாந்து வழியாக வந்த நார்மன்கள் சில மதில் நகரங்களைக் கட்டினார்கள். பர் போன்ற உள்நாட்டு ஊர்கள் தெருவும் சந்தையுமாக உருப்பெற்றது அதற்கும் பிறகு.

தட்டு, சதுப்பு, மேடு

விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் நில அமைப்பு ஏறக்குறைய அதுதான். மலைகள் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கின்றன, நடுவில் சுண்ணாம்புக்கல் சமவெளி. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் எப்படி நடுவில் தேங்குமோ, அப்படியே மழை நீர் இந்தச் சமவெளியில் வடிய வழியில்லாமல் தேங்கியது. பனியுகம் முடிந்தபோது விட்டுப்போன ஆழமில்லாத ஏரிகளில் நாணல் முளைத்துத் தூர்ந்தது. அதன்மேல் ஸ்ஃபாக்னம் என்ற பாசி படர்ந்தது.

இந்தப் பாசி ஒரு ஸ்பாஞ்சு மாதிரி. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். செத்த பாசி, காற்றுப் போகாத அந்தப் புளித்த நீரில் மக்குவதில்லை. அதன்மேல் புதுப்பாசி வளரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏறி ஏறி, சில ஆயிரம் ஆண்டுகளில் பல மீட்டர் தடிமனுக்கு வந்துவிடுகிறது. இப்படிக் குவிந்த ஈர நிலம்தான் ‘பாக்’. அதிலிருந்து செங்கல் வடிவில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் கட்டிக்கு ‘டர்ஃப்’ என்று பெயர். காடு குறைந்த நாட்டில் அடுப்பெரித்தது அதுதான். இந்த டர்ஃபை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பாக் மீது வண்டி ஓட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. ஆகவே உலர்ந்த நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாதையும் குடியிருப்பும். அந்த உலர்ந்த நிலத்தில் ஒரு முக்கிய வகை ‘எஸ்கர்’. பனிப்பாறைக்கு அடியில் ஓடிய ஆறுகள் மணலையும் சரளையையும் கொண்டுவந்து போட்டன. மேலிருந்த பனி உருகிப் போனதும் அந்த ஆற்றின் தடம், பாம்பு நெளிந்ததுபோல் ஒரு மேடாக நின்றுவிட்டது. உலகப் புவியியலாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும் இந்தச் சொல் ஐரிஷ் மொழியிலிருந்து போனது.

பர் இருக்கும் இடம் இப்போது புரியும். கிழக்கே ஸ்லீவ் ப்ளூம் மலைகள். அங்கிருந்து இறங்கும் காம்கோர் ஆறு, இந்த ஊரில் லிட்டில் ப்ரோஸ்னா ஆற்றோடு சேர்கிறது. அது மேற்கே போய் ஷானன் பேராற்றில் கலக்கிறது. சுற்றிலும் பாக், நடுவே கால் வைக்கத் தோதான தரை, கடக்கத் தோதான ஆறு. ஊரின் ஐரிஷ் பெயரான ‘பிரா’ என்பதற்கே நீர் நிறைந்த இடம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

ஆக, மண் இங்கே ஓர் ஊரை உண்டாக்கவில்லை. ஊர் வருவதற்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தது.

எல்லையில் ஒரு மடாலயம்

அந்த இடத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் துறவிகள். 6ஆம் நூற்றாண்டில் புனித பிரெண்டன் என்பவர் இங்கே மடாலயம் நிறுவினார். கடற்பயணத்துக்குப் பேர்போன பிரெண்டன் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கி எழுதுவது வழக்கமாகிவிட்டது.

ஐரிஷ் மடாலயம் என்பது வெறும் பிரார்த்தனைக் கூடமல்ல. பள்ளி, பட்டறை, தானியக் கிடங்கு, அடைக்கலம் எல்லாம் சேர்ந்தது. 800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பர் மடாலயத்தின் தலைவராக இருந்த மாக் ரெகோல் எழுதி ஓவியம் தீட்டிய நற்செய்தி ஏடு இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் 697இல் நடந்தது. ஸ்காட்லாந்துக் கரையோரத் தீவான அயோனாவில் இருந்த மடத்தின் தலைவர் அடோம்னான் அழைத்த பேரவை பரில் கூடியது. அயர்லாந்தின் பல பகுதி அரசர்களும் மதத் தலைவர்களும் ஒரு சட்டத்துக்கு உறுதி கொடுத்தார்கள். போரில் பெண்களையும் குழந்தைகளையும் துறவிகளையும் தாக்கக் கூடாது, தாக்கினால் தண்டம். போர் விதிகளின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது என்பது என் எண்ணம்.

ஏன் பர்? ஏனென்றால் இது தெற்கு அரசர்களின் ஆட்சிப் பகுதியும் வடக்கு அரசர்களின் பகுதியும் தொட்டுக்கொள்ளும் இடம். பகையாளிகள் இருவர் பேச வேண்டுமானால், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத திண்ணை வேண்டுமல்லவா? பர் அப்படிப்பட்ட திண்ணை. இந்த ‘நடுவில் இருத்தல்’ ஆயிரம் ஆண்டு கழித்தும் வேலை செய்தது. கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஐரிஷ் விளையாட்டு) இறுதிப்போட்டி 1888 ஏப்ரல் 1 அன்று நடந்ததும் பரில்தான். மோதியவை டிப்பரரியும் கால்வேயும். ஒன்று மன்ஸ்டர் மாகாணம், இன்னொன்று கானக்ட். பர் இருப்பதோ லெய்ன்ஸ்டர் மாகாணத்தின் விளிம்பில்.

ஆனால் மடாலயமும் இன்றைய ஊரும் ஒன்றல்ல. மடாலயம் மங்கியது. அப்புறம் ஓ’காரல் குலத்தார் இந்த வட்டாரத்தை ஆண்டார்கள், கோட்டை வைத்திருந்தார்கள். அப்போதும் இன்று நாம் பார்க்கும் தெருக்கள் இல்லை.

1620: நிலம் கைமாறுகிறது

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில அரசு ஐரிஷ் குலத் தலைவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்து, தனக்கு விசுவாசமானவர்களுக்குக் கொடுத்தது. இந்த ஏற்பாட்டுக்கு ‘பிளான்டேஷன்’ என்று பெயர். தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும், ஆனால் இங்கே நட்டது செடிகளை அல்ல, ஆட்களை.

1620இல் ஓ’காரல்களின் கோட்டையும் சுற்றியுள்ள நிலமும் லாரன்ஸ் பார்சன்ஸ் என்பவருக்குப் போய்ச் சேர்ந்தன. ஊரின் பெயரும் ‘பார்சன்ஸ்டவுன்’ ஆனது. 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஆஃபலி மாவட்டத்துக்கும் அப்போது ‘கிங்ஸ் கவுன்டி’ என்றுதான் பெயர்.

இப்போது ஒரு கேள்வி. கோட்டை கிடைத்துவிட்டது, ஆயிரக்கணக்கான ஏக்கர் கிடைத்துவிட்டது. அப்புறம் எதற்கு ஊர்?

ஊர் என்ற காசு இயந்திரம்

நிலப்பிரபுவுக்கு வேண்டியது விளைச்சல் அல்ல, வாடகைப் பணம். குத்தகை விவசாயியின் கையில் இருப்பதோ ஓட்ஸ், வெண்ணெய், மாடு, பன்றி. இவற்றை விற்றுக் காசாக்க ஒரு சந்தை வேண்டும், வாங்க வியாபாரி வேண்டும், வியாபாரி தங்க வீடு வேண்டும். இதுதான் ஐரிஷ் சிற்றூரின் உள்ளே இருக்கும் இயந்திரம். ஒரு பக்கம் மாட்டை விட்டால் மறுபக்கம் வாடகை வர வேண்டும். இதோடு சந்தைக்கு வருகிற சரக்கின் மேல் சுங்கமும் உண்டு, அதுவும் பிரபுவுக்கே.

சரி, ஊரைக் கட்டுவது யார்? பிரபு சதுக்கத்தையும் தெருவையும் அளந்து மனை பிரிப்பார். வீட்டைக் கட்டுவது குத்தகைக்காரர், அவர் செலவில். இத்தனை மாடி, கூரைக்கு ஓலை போடக் கூடாது, கல்பலகை வேண்டும் என்றெல்லாம் பத்திரத்தில் நிபந்தனை எழுதலாம். ஐரிஷ் ஊர்களில் ஒரு தெருவின் வீடுகள் ஒரே உயரத்தில் வரிசை பிடித்து நிற்கின்றன என்றால், பெரும்பாலும் அது அழகுணர்ச்சியால் மட்டும் வந்ததல்ல, பத்திரத்தால் வந்தது.

அந்தப் பத்திரத்தில் ஒரு விசித்திரமான வகை இருந்தது, ‘மூன்று உயிர்க் குத்தகை’. ‘இத்தனை ஆண்டு’ என்று எழுதாமல் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை மனை உன்னுடையது. ஆகவே தாத்தா பெயரை யாரும் எழுத மாட்டார்கள். திடமான சின்னப் பிள்ளையின் பெயரை எழுதுவார்கள். சிலர் அரச குடும்பத்துக் குழந்தைகளின் பெயரைக்கூடப் போட்டார்கள். அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது நாட்டுக்கே தெரியும், சண்டை வராது. இன்னொரு வகையில், ஓர் உயிர் போனால் கட்டணம் கட்டிப் புதுப் பெயர் சேர்த்துக் குத்தகையை என்றென்றைக்கும் நீட்டித்துக்கொண்டே போகலாம்.

இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நாட்டில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். 1704ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுப்பதைத் தடுத்தது. பிள்ளை தலையெடுக்கும்போது பறிபோகும் மனையில் யார் கல்வீடு கட்டுவார்? 1778இல் அந்தத் தடை நீங்கி, 999 ஆண்டு வரை குத்தகை எடுக்கலாம் என்றானது. ஐரிஷ் ஊர்களில் கத்தோலிக்க வியாபாரிகள் கல்லிலும் சுண்ணாம்பிலும் பணம் போட்டதை இந்தச் சட்ட மாற்றத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உலர்ந்த மேடும் ஆறும் இடத்தைக் கொடுத்தன, எல்லை அதற்கு மதிப்பைக் கொடுத்தது, நிலப் பறிப்பு ஒரு பிரபுவைக் கொடுத்தது, அவருடைய குத்தகைப் பத்திரம் தெருவைக் கொடுத்தது.

‘மால்’ என்றால் ஷாப்பிங் மால் அல்ல

பரில் ஆக்ஸ்மன்டவுன் மால் என்று ஒரு தெரு இருக்கிறது. கடை தேடிப் போனால் ஏமாற்றம்தான். ‘மால்’ என்பதன் பழைய பொருள் மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இந்தத் தெருவின் ஒரு முனையில் கோட்டை வாசல், மறுமுனையில் புராட்டஸ்டன்ட் தேவாலயம். பிரபு வீட்டிலிருந்து கோயிலுக்கு நேர்கோட்டில் பார்வை போகும். ஊரில் அதிகாரம் எங்கே இருந்தது என்பதைத் தெருவே காட்டிவிடுகிறது.

அந்த வீடுகளின் கதவுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கதவுக்கு மேலே பாதி நிலா வடிவில், விசிறி விரித்ததுபோல் ஒரு கண்ணாடி. ‘ஃபேன்லைட்’ என்று பெயர். நுழைந்தவுடன் வரும் நடை குறுகலானது, அதற்குச் சன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சம் வர இருக்கும் ஒரே வழி கதவுக்கு மேலே உள்ள இடம். தேவைக்காக வந்தது அலங்காரமாகி, கதவுக்குக் கதவு வேறு வேறு வடிவமாகிவிட்டது.

இந்த மாலுக்கு அருகே 1869 ஆகஸ்ட் 31 அன்று மேரி வார்டு இறந்தார். நுண்ணோக்கியில் பார்த்ததையெல்லாம் வரைந்து நூலாக்கிய அறிவியலாளர், பார்சன்ஸ் குடும்பத்தின் உறவினர். அந்த வீட்டுப் பிள்ளைகள் செய்த நீராவி வண்டியில் போனபோது திருப்பத்தில் தூக்கி எறியப்பட்டார். மோட்டார் வண்டி விபத்தில் இறந்ததாகப் பதிவான முதல் ஆள் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்காத காலத்தில் அவர் செய்த வேலைக்காகத்தான் அவர் பெயர் நிலைக்க வேண்டும்.

டர்ஃபில் உருகிய கண்ணாடி

டர்ஃபை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றாம் ராஸ் பிரபுவான வில்லியம் பார்சன்ஸ், 1840களில் தன் கோட்டைத் தோட்டத்தில் உலகிலேயே பெரிய தொலைநோக்கியைக் கட்டினார். அதன் கண்ணாடி, கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோக வட்டு. குறுக்களவு 1.83 மீட்டர், எடை சுமார் 3 டன். உலோகத்தை உருக்கிய உலைக்கு எரிபொருள் சுற்றுவட்டார டர்ஃப். வேலை செய்தவர்கள் பண்ணையைச் சேர்ந்த உள்ளூர் ஆட்கள், அவரே பழக்கியவர்கள்.

1845 வசந்தத்தில் அந்தக் கருவி வழியாக எம்51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்தபோது, அது சுருள் வடிவத்தில் இருந்தது. ஒரு விண்பொருளில் சுருள் கைகளைக் கண்டது அதுதான் முதல்முறை. இன்று அது ஒரு விண்மீன் மண்டலம் என்று நமக்குத் தெரியும். 1917 வரை அளவில் இதை மிஞ்ச வேறு தொலைநோக்கி வரவில்லை. மேகம் மூடியே கிடக்கும் ஒரு சதுப்பு நாட்டில் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே 1845

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. தொலைநோக்கி வேலையும் தடைப்பட்டது. ராஸ் பிரபு பஞ்ச நிவாரணத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

பஞ்சத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு: நாட்டில் உணவே இல்லை என்பது. அழுகியது ஏழையின் உணவான கிழங்கு. தானியமும் கால்நடையும் நாட்டை விட்டு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. சற்று முன் சொன்ன காசு இயந்திரத்தை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். ஓட்ஸும் மாடும் வாடகைக்காக, கிழங்கு வயிற்றுக்காக. வயிற்றுக்கானது போனபோது, வாடகைக்கானதைத் தின்றால் நிலம் போய்விடும். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சம் சொச்சத்துக்கு இறங்கியது.

பரில் அந்தக் காலத்தின் சாட்சி 1842இல் திறந்த ‘வொர்க்ஹவுஸ்’. ஏழைகளுக்கான அரசு விடுதி என்று சொல்லலாம், ஆனால் உள்ளே போனால் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் பிரித்துத் தனித்தனிப் பகுதிகளில் வைப்பார்கள். வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் வர வேண்டும் என்பதற்காகவே அதை அப்படிக் கடுமையாக வைத்தார்கள்.

பட்டாளம், ரயில், சந்தை நாள்

ஊரை ஒட்டிய கிரின்கில்லில் 1800களின் தொடக்கத்தில் பெரிய பிரிட்டிஷ் ராணுவ முகாம் வந்தது. ரொட்டி, இறைச்சி, சலவை என்று ஊரின் பிழைப்பில் பாதி அதைச் சுற்றியே இருந்தது. பிற்காலத்தில் லெய்ன்ஸ்டர் ரெஜிமென்டுக்கு அதுதான் தலைமை முகாம். 1921இல் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் மாப்பிளா கிளர்ச்சியை ஒடுக்க இறக்கிய படைகளில் இந்த ரெஜிமென்டும் ஒன்று. மறு ஆண்டே ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது, அதே 1922 ஜூலையில், அயர்லாந்து விடுதலை பெற்றதை ஒட்டி மூண்ட உள்நாட்டுப் போரில் முகாமும் எரிந்தது.

ரயிலும் வந்தது. ராஸ்க்ரேயிலிருந்து வந்த பாதை 1963 வரை ஓடியது. பரிலிருந்து ஷானன் ஆற்றங்கரை வரை 1868இல் போட்ட இன்னொரு பாதையோ பத்து ஆண்டில் மூடிப்போனது. அது ஆற்றைத் தாண்டவில்லை என்பது ஒரு காரணம். மூடிய பிறகு தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ‘திருடுபோன ரயில்பாதை’ என்றே இன்றும் சொல்கிறார்கள்.

சந்தை நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரிஷ் ஊர்களில் மாட்டுச் சந்தை நடந்தது தெருவில்தான். விடிவதற்கு முன்பே மாடுகள் வந்துவிடும். கடைக்காரர்கள் சன்னல் கண்ணாடி உடையாமல் இருக்க முன்னால் கட்டை கட்டிவைப்பார்கள். வாங்குபவரும் விற்பவரும் விலை பேசி முறைத்துக்கொண்டு நிற்பார்கள், நடுவில் ஒருவர் வந்து இருவர் கையையும் இழுத்துச் சேர்ப்பார். உள்ளங்கையில் எச்சில் துப்பி ஓங்கி ஓர் அடி, பேரம் முடிந்தது. பணம் வாங்கியவர் அதிலிருந்து ஒரு சிறு காசைத் திருப்பிக் கொடுப்பார், ‘லக் பென்னி’. மாடு போகிற வீட்டுக்கு அதிர்ஷ்டம் போகட்டும் என்று. 1950களிலிருந்து வேலியடைத்த ஏல மையங்கள் வந்தன, தெருச் சந்தை போய்விட்டது.

பெயர்கள் மாறின

1903இன் நிலச் சட்டத்தோடு பிரபுக்களின் நிலம் பெருமளவு குத்தகை விவசாயிகள் கைக்கு வரத் தொடங்கியது. ஊரின் அதிகாரம் கோட்டையிலிருந்து கடைத் தெருவுக்கு நகர்ந்தது. ஊர்ச் சதுக்கத்தின் நடுவே கல்லோடன் போரில் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சிக்காரர்களைக் கொன்று குவித்த கம்பர்லேண்ட் பிரபுவுக்கு 1747இல் ஒரு தூண் எழுப்பியிருந்தார்கள். 1915இல் அவர் சிலையை இறக்கிவிட்டார்கள். சதுக்கத்துக்கு இன்று, 1803இல் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் ராபர்ட் எம்மெட்டின் பெயர். பார்சன்ஸ்டவுன் மறுபடி பர் ஆனது, கிங்ஸ் கவுன்டி ஆஃபலி ஆனது. பார்சன்ஸ் குடும்பம் மட்டும் அதே கோட்டையில் இன்றும் வாழ்கிறது. வீட்டு மனைகளின் மேல் புதிதாக நில வாடகை விதிப்பதை அயர்லாந்து 1978இல் சட்டம் போட்டு நிறுத்தியது.

பாக் நிலங்களில் இயந்திரம் வைத்துப் பெருமளவில் டர்ஃப் வெட்டிய அரசு நிறுவனம் 2021இல் அதை நிறுத்துவதாக அறிவித்தது. பல இடங்களில் வடிகால்களை அடைத்து மறுபடி தண்ணீர் தேக்குகிறார்கள், பாசி திரும்பி வருவதற்காக. கோட்டைத் தோட்டத்தில் பழைய தொலைநோக்கியின் இரண்டு கற்சுவர்களும் அப்படியே நிற்கின்றன. அதே தோட்டத்தில் 2017இலிருந்து வரிசை வரிசையாகத் தாழ்வான ஆன்டெனாக்கள். ஐரோப்பா முழுக்கப் பரந்த லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கி வலையின் ஐரிஷ் நிலையம் அது. வானம் மூடியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை, ரேடியோ அலை மேகத்தைத் தாண்டி வந்துவிடும்.